ஐஸ் கொட்டிய படகு

என் தங்கை புருஷனின் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அவனிடம் சுளுக்கு என்று சொன்னேன். ஐஸ் தண்ணீரில் அந்தக் காலை மரத்துப்போக வைத்து, அன்று மாலையே மறுபடி கபடி ஆட அனுப்பினேன். இதில் மழுப்ப எதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. சென்னையில் உடற்கல்வி படித்துவிட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தேன். எங்கள் குப்பத்துக் கபடிக் குழுவுக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன். முரட்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் கல்லூரி நூலகத்துப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். எங்களுக்குத் தொட்டி ஏது? ஐஸ் இருந்தது. இறால் வியாபாரிகளுக்காக லாரியில் பார் பாராக வரும். கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய படகு ஒன்றை நிமிர்த்தி, ஓட்டைகளைத் தாரால் அடைத்து, ஏரித் தண்ணீரை நிரப்பி, மிஞ்சிய ஐஸை உடைத்துக் கொட்டினோம். ஆட்டம் முடிந்ததும் ஏழு பேரும் இடுப்பளவு நனைய அதில் உட்கார வேண்டும்.

மீன் கூடையோடு போகும் பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

"இன்னாடா, எந்தக் கம்பெனிக்குப் போற இறாலு நீங்க?"

"தலைய கிள்ளிட்டு அனுப்புங்கடி. இவனுங்களுக்கு அது வீண் எடை."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அது பலன் கொடுத்தது. அடிபட்ட இடம் அவ்வளவாக வீங்கவில்லை. ஆடிய மறுநாள் விடியலில் வலை இழுக்கப் போகிறவர்கள் கை காலை மடக்கி நீட்ட முடிந்தது. அதனால் என் பேச்சை ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையைத்தான் நான் தின்று தீர்த்தேன்.

காணும் பொங்கல் போட்டியில் காலையில் அரையிறுதி. எங்களுக்காகக் கபடி பாடி எதிர்க்களத்துக்குள் போகிறவன் தங்கை புருஷன்தான். எதிராளி ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்தான்; இன்னும் இரண்டு பேர் இடுப்பில் விழுந்தார்கள். பாதம் ஒரு பக்கம் நிற்க உடம்பு மறுபக்கம் திரும்பியது. பச்சை மூங்கில் பிளப்பதுபோல் ஒரு சத்தம் எனக்கே கேட்டது.

படகோரம் உட்காரவைத்து முழங்காலை மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். மேசை இழுப்பறைபோல் வந்தது. அப்படி வந்தால் ஜவ்வு போய்விட்டது, காலை ஊன விடாதே என்று எனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னா மச்சான், போச்சா? தெறந்து சொல்லு. அடுத்த வாரம் எனக்குப் பாடு கீது."

ஏரியில் மீன் நன்றாக ஓடும் இடங்களில் வலை கட்டுவதற்கு எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அந்த முறைதான் பாடு. முறை வந்த நாளில் அந்தக் குடும்பத்து ஆள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கம்பு நட வேண்டும். இறங்க ஆள் இல்லையென்றால் பாடு ஊருக்குப் போய்விடும். கல்யாணம் ஆனவனுக்குத்தான் அது கிடைக்கும். அவனுக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது.

ஊர்த் தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "வாத்தியாரே, சாயங்காலம் இவன் இல்லாட்டி நாம காலி."

"ஒண்ணியும் இல்ல மாப்ள, சுளுக்கு. ஐஸ்ல உட்காரு, ஓடிப்போயிடும்" என்றேன்.

உதடு நீலம் பாரிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது, "வலியே இல்ல மச்சான். காலே இல்லாத மாதிரி கீது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜெயித்தோம். கடைசியாகப் பாடிப் போனபோது அவன் முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. தவழ்ந்து வந்து கையால் கோட்டைத் தொட்டான். தலைவர் அவனைத் தோளில் தூக்கி ஆடினார். தொங்கிக்கொண்டிருந்த காலை ஒருவரும் பார்க்கவில்லை. மரத்தது தெளிந்ததும் அவன் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. பிறகு எத்தனை கட்டுப் போட்டும் அந்தக் கால் ஊன்றி நிற்கவில்லை.

பாடு வந்த நாளில் பிடிவாதமாக ஏரியில் இறங்கினான். சேற்றில் கால் புதைந்ததும் முழங்கால் நழுவி, தண்ணீருக்குள் போனான். மயிரைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த முறையும் அதே கதை. ஊர்க்கூட்டத்தில், "முறைன்னா முறை. எறங்க முடியாதவன் பாட்ட ஊருக்கு உடு" என்றார் தலைவர். தோளில் தூக்கி ஆடிய அதே தலைவர்! எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பயன்? வாத்தியார் பெயர் கெட்டுவிடுமே என்று பாயில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தங்கை இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணானது. அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

மறுபடி சீட்டுப் போடும் கூட்டம் வந்தபோதுதான் எழுந்தேன்.

"இவன் கால் போனது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். இவன் முறைக்கு நான் எறங்கறேன். பாடு திரும்ப இவன் பேருக்கே வரணும்."

"வாத்தியாரு விசில் ஊதுனா மீனு வரிசைல வருமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது.

"பழசெல்லாம் எதுக்குக் கிளறிக்கினு" என்றார் தலைவர்.

"கிளறுவேன். நான் பொய் சொன்னப்ப நீங்க என் முதுகுக்குப் பின்னாலதான நின்னீங்க? அவன் காலு இழுப்பறை மாதிரி முன்னால வந்தத நீங்களும்தான பார்த்தீங்க?" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. அதே குப்பத்தில் பிறந்தவன், பெண் கொடுத்த வீட்டுக்காரன் என்று யோசித்து ஒத்துக்கொண்டார்கள்.

தங்கை புருஷன் கோலை ஊன்றி என்னிடம் வந்தான். "நீ நெசத்த சொல்லியிருந்தாலும் நான் ஆடியிருப்பேன் மச்சான். அவ்ளோ திமிரு எனக்கு. ஆனா நான் உன்ன கேட்டேன். கேட்டவன்கிட்ட..." முடிக்காமல் தரையில் துப்பிவிட்டுப் போனான்.

அவன் முறை வந்த நாட்களில் பள்ளிக்கு லீவு போட்டு இறங்கினேன். அவன் படகில் உட்கார்ந்து ஏவுவான். "கம்ப அழுத்து வாத்தியாரே. இன்னா, கொடிக்கம்பமா நடற?" முதல் நாள் கரையேறியதும், கூலிக்கு வரும் ஆளுக்குக் கொடுக்கிற பங்கு மீனை என் முன்னால் தள்ளினான்.

"எனக்கு வேணாம் மாப்ள."

"எறங்கனவன் பங்கு வாங்கணும். எனக்குத் தருமம் பண்றதா இருந்தா நாளைக்கு வராத."

தங்கை நிமிராமல் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கிக்கினு போகச் சொல்லு" என்று அவனிடம் சொன்னாள்.

வாங்கிக்கொண்டேன். எண்பதுகளில் என் உடம்பு தாங்கிய வரை அவன் முறைக்கு இறங்கினேன். பாடு அவன் பேரிலேயே இருந்தது. ஒரு நாள் தவறாமல் பங்கைத் தந்தான். மச்சான் என்று மட்டும் அதன்பிறகு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை.