கொத்மலைக்கு ஒரு பை கோப்பிக்கொட்டை

போன தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, நானும் என் மகள்வழிப் பேத்தி சரண்யாவும் நோர்வூட்டிலிருந்து கொத்மலைக்குப் போனோம். ஊர் பார்க்க அல்ல. கொழும்புத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து, நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவள் நட்ட கோப்பிக் கன்றுகள் முதல் முறையாகக் காய்த்திருந்தன. கொத்மலையில் கோப்பி வறுத்து விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், நானா என்போம், குடித்துப் பார்த்து, பிடித்தால் முழு விளைச்சலையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் அவள் திரும்பக் கொழும்புக்குத்தான். அங்கே அறையில் ஒரு கட்டிலை அவளுடைய சிநேகிதி பிடித்து வைத்திருந்தாள்.

காலை ஆறரைக்கு நோர்வூட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஹட்டன். அங்கிருந்து நாவலப்பிட்டி பஸ். கினிகத்தேனை வரை வளைவோ வளைவு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். நாவலப்பிட்டியிலிருந்து ஆட்டோ பிடித்தோம்.

வழியெல்லாம் தேயிலைதான். ஆனால் வெள்ளைக்காரன் எங்கள் ஆட்களை இந்தியாவிலிருந்து முதலில் இந்த மலைக்குக் கூட்டி வந்தது கோப்பிக்கு. இலையில் நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை. எங்கள் லயத்து ஓரத்தில் மட்டும் இரண்டு மரம் எப்படியோ நின்றது. அதன் விதையில் வந்தவைதான் சரண்யாவின் கன்றுகள்.

நானா ஒரு பிடி கொட்டையை வறுத்து, அரைத்து, கோப்பைகளில் போட்டு வெந்நீர் ஊற்றினார். பிறகு கரண்டியால் எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார் பாருங்கள்!

"நானா, எங்க வீட்டுல இப்பிடிக் குடிச்சா முதுகுல ஒண்ணு விழும்" என்றேன்.

"சத்தம் போட்டாத்தான் பாட்டி ருசி நாக்குல ஏறும்."

மூன்றாவது கோப்பையில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பிள்ள, இதுல பச்சை வாடை அடிக்குது. பழுக்காத காய் விழுந்திருக்கு. யாரு பறிச்சது?"

"அம்மாயியும் பக்கத்து வீட்டு அக்காமாரும்" என்றாள் சரண்யா, என்னைக் காட்டி.

"தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்களா? அதான், கை வேகமா ஓடியிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழுந்து மலையில மேற்பாக்குற ஒரு கண்டாக்கும் இந்தக் கையைக் கொறை சொன்னதில்ல!"

"நானும் சொல்லல பாட்டி. கொழுந்துக்கு அந்தக் கைதான் வேணும். கோப்பிக்கு ஒவ்வொண்ணா பாத்து, செவந்ததை மட்டும் எடுக்கணும்."

யோசித்தால் சரிதான். நிறுவையில் கிலோ ஏறினால்தான் சம்பளம் என்று இளசைத் தேடியே ஓடிப் பழகிய விரல், பழத்தோடு பக்கத்துப் பச்சைக்காயையும் உருவிவிடும்.

சரண்யா பையின் வாயைக் கட்டினாள். பிறகு மறுபடி அவிழ்த்தாள். "பொறுக்கிக் கொண்டு வந்தா இன்னொரு தடவ குடிச்சுப் பாப்பீங்களா நானா?"

"எதுக்குக் கொண்டு போயி வரணும்? இங்கயே பொறுக்கு."

ஜன்னலோரம் தட்டு வைத்தார். பிஞ்சுக் கொட்டை சின்னதாக, வெள்ளைத் தோல் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதையெல்லாம் தள்ள வேண்டும். என் கை மறுபடியும் ஓடியது. சரண்யா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மாயி, மெதுவா. இங்க நிறுவை இல்ல."

திரும்ப வறுத்ததும் எனக்கும் ஒரு கோப்பை தந்தார். முதலில் ஆரஞ்சுத் தோடம்பழத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம். அடுத்து பாகாகக் காய்ச்சிய கித்துள் பாணி போல ஓர் இனிப்பு. கசப்பு கடைசியில் வந்து சும்மா தலைகாட்டிவிட்டுப் போனது. வீட்டில் கொத்தமல்லி சேர்த்து வறுத்தே இத்தனை காலம் இந்த ருசியை மூடி வைத்திருக்கிறோம்!

நானா கரண்டியைக் கீழே வைத்தார். "இப்பிடிப் பொறுக்கித் தந்தா எல்லாத்தையும் எடுக்கிறேன். வேற கோப்பியோட கலக்க மாட்டேன். பையில உங்க ஊரு பேரையே போடுறேன்."

திரும்பும் பஸ்ஸில் சரண்யா சிநேகிதிக்குப் போன் பண்ணினாள். "அந்தக் கட்டிலை வேற யாருக்காவது குடுத்துரு."

நானா கடைக்கு நீங்கள் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையிலேயே போங்கள். கம்பளிச் சட்டை வேண்டும். முதல் மடக்கைச் சீனி போடாமல் குடியுங்கள்.

அடுத்த ஞாயிறு மிச்சப் பழம் பறிக்க அக்காமார் வந்தார்கள். கொழுந்துக் கூடைகளை ஓரமாக வைக்கச் சொல்லி, ஆளுக்கொரு சின்ன வாளி கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கையும் ஓட ஆரம்பித்துவிட்டது.

"மெதுவாடி," என்றேன், "இங்க நிறுவை இல்ல."