மூலை உடைந்த முன்பல்

பல் செய்யும் எங்கள் லேபில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. முதலாளிக்கு வைத்திருப்பதை இங்கே எழுத முடியாது. எனக்கு வைத்தது 'மினுக்கி'. செய்து முடித்த பற்களுக்கு நிறம் தீட்டிப் பளபளப்பு ஏற்றுவது என் வேலை, அதனால். எனக்கு எதிர் மேஜையில் கணினி முன்னால் உட்கார்ந்து பல்லை வடிவமைப்பவள் பல்லக்கா. யாருடைய கல்யாணப் போட்டோவைக் காட்டினாலும் புடவையைப் பார்க்க மாட்டாள், மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாள். "பொண்ணுக்கு மேல்வரிசை நெருக்கமா இருக்கு" என்பாள். அவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

முன்பெல்லாம் பல்லுக்கு அச்செடுக்க வாய் நிறைய மாவை அப்புவார்கள். குமட்டாத ஆள் கிடையாது. இப்போது டாக்டர்கள் தடித்த பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். எங்கெங்கோ உள்ள கிளினிக்குகளிலிருந்து அந்த ஸ்கேன்கள் எங்களுக்கு வந்து விழும். ஆளின் பெயர் வராது, எண் மட்டும்தான். சீவி வைத்த பல்லின் மேல் தொப்பி போல மாட்டும் கிரவுனைப் பல்லக்கா திரையில் உருவாக்குவாள். அதை மெஷின் ஒரு வெள்ளைப் பீங்கான் வட்டிலிருந்து கடைந்தெடுக்கும். கடைந்ததும் சாக்பீஸ் மாதிரி, நிஜப் பல்லைவிடப் பெரிதாக இருக்கும். சூளையில் வெந்த பிறகுதான் சுருங்கி, இறுகி, பல்லாகும். அப்புறம் என் கைக்கு வரும்.

பல்லக்கா செய்த கிரவுன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கும், எங்கே உரசும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வாய்க்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. இத்தனை திறமையும் எதற்கு? செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "பல்லைப் பாரு, ஆளைத் தேடாதே" என்பது எங்கள் முதலாளியின் சட்டம்.

ஆனால் அவள் தேடிக்கொண்டுதான் இருந்தாள். தேடியது ஓர் ஆளை, அவளுடைய தம்பியை.

அம்மாவும் அவளும் தம்பியுமாக மூன்றே பேர் உள்ள வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். தம்பியின் முறை வந்த அன்று, கண் எரிகிறது என்று முகம் கழுவி ஒரு டீ குடித்துவிட்டு வரலாமென்று கீழே இறங்கினான். அந்த நேரம் பார்த்து அம்மா போய்விட்டாள், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். பல்லக்கா வந்தாள், பார்த்தாள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவனைப் பார்த்துக் கத்தினாள். "இனிமே என் முகத்துல முழிக்காதே!"

ஆத்திரத்தில் யார்தான் இதைச் சொல்லவில்லை? நான் என் புருஷனிடம் வாரம் ஒரு முறை சொல்கிறேன். அந்த மனுஷன் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து முகத்தை நீட்டிக்கொண்டு உட்காருகிறார். இந்தத் தம்பி மட்டும் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டான். காரியம் முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வருஷக்கணக்காகிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

"அன்னிக்கு என் நாக்குல சனி உட்கார்ந்திருந்துச்சுடி" என்பாள் பல்லக்கா. அதற்கு மேல் பேச மாட்டாள். ஆனால் லேபுக்குப் பக்கத்திலேயே நல்ல வீடு ஒன்று காலியாக வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு பஸ் மாறி, நசுங்கி, பழைய வீட்டிலிருந்தே வந்துபோகிறாள். தம்பி எப்போது வேலை முடிந்து வருவான் என்று தெரியாததால் அந்தக் காலத்தில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சாவி வைப்பார்களாம். இன்றைக்கும் வைக்கிறாள்.

"திருடன் வந்தா சௌகரியமா இருக்கும்கா" என்று ஒருநாள் சீண்டினேன்.

"திருடன் வந்தா வரட்டும்டி. அவன் வந்து வீடு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் மவுஸின் டிக்டிக் சத்தம் நின்றது. அது நிற்பதே அபூர்வம். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒரு வாய். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல்லைக் கட்டையாகச் சீவியிருந்தது. ஓரத்தில் ஒரு சிங்கப்பல் மேலேறி நின்றது. பல்லக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"என் தம்பிடி."

"சிங்கப்பல் ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கு. எனக்கே ஒண்ணு இருக்கு."

அவள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தாள். லேபுக்கு முதன்முதலில் ஸ்கேனர் வாங்கியபோது பழகிப் பார்க்க யார் வாயும் கிடைக்காமல் தம்பியைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்திருக்கிறாள். அந்த ஸ்கேனைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் அந்த முன்பல் முழுசாக இருந்தது, கீழ்மூலை மட்டும் கொஞ்சம் உடைந்து. அவள் ஒன்பது வயதில், குளியலறையின் வெளித்தாழ்ப்பாள் தானாக விழுந்து சிக்கி, உள்ளே மாட்டிக்கொண்டு அலறியிருக்கிறாள். அவளைவிடச் சின்னவன், ஆள் அழைக்கப் போகாமல் தாழ்ப்பாளில் கயிற்றைக் கட்டிப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறான். கதவு திறந்தது, அப்போதுதான் முளைத்திருந்த பல்லின் மூலை போனது.

நம் வாயின் மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், நாக்கு வைத்தால் தட்டுப்படும் வரிகள் இருக்கின்றனவே, அவை கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறு. பழைய ஸ்கேனைப் புதியதன் மேல் வைத்தாள். வரி வரியாகப் பொருந்தியது. ஒரு வரி பாதியில் இரண்டாகப் பிரிந்திருந்தது, அதுவும் பொருந்தியது.

"உயிரோட இருக்கான்டி" என்றாள். திரையில் விரலை வைத்து அந்தச் சிங்கப்பல்லைத் தடவினாள். "பாரு, கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ஞ்சுபோச்சு. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறான். யாருக்கு என்ன பண்ணினான் அவன், நிம்மதியாத் தூங்காம இருக்கிறதுக்கு?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டாள். யார் விவரமும் தர முடியாது என்று வரவேற்பில் இருந்த பெண் பட்டென்று வைத்துவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? யோசனை சொன்னேன். "அக்கா, கிரவுனை ஒரு மயிரிழை உசத்திச் செஞ்சு அனுப்பு. கடிச்சா இடிக்கும், திரும்பி வருவான். அந்தச் சாக்குல டாக்டர்கிட்ட நாமளே பேசலாம்."

என்னை அவள் அப்படி முறைத்ததே இல்லை. "அவன் வாயில வலிக்கிற மாதிரி நான் செய்யணுமா? நான் வலிக்கப் பேசினது பத்தாதா?"

கிளினிக்கின் குறிப்பில் பக்கத்துப் பல்லைப் பார்த்து அப்படியே செய்யவும் என்றிருந்தது. முன்பல்லுக்கு அதுதான் வழக்கம். வலப்பக்கப் பல்லைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வைத்தால் போதும், அவளுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. சாயங்காலம் வரை அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சூளையிலிருந்து அந்தக் கிரவுன் என் கைக்கு வந்தபோது கீழ்மூலை இல்லை. கடையும்போது மெஷின் கடித்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன்.

"போடாதே! அது உடையலை" என்று எழுந்து ஓடி வந்தாள். "அவனுக்கு அப்படித்தான் இருக்கும்."

அடிப்பாவி! வேலை போய்விடுமே! டாக்டர் கேட்டது ஒன்று, இவள் செய்தது ஒன்று. முதலாளிக்குத் தெரிந்தால் இருவரையும் சேர்த்தே கடைந்துவிடுவார். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால எழுதி அனுப்ப முடியாது, கூப்பிட முடியாது. இந்த மூலை எப்படிப் போச்சுன்னு என்னையும் அவனையும் தவிர இப்ப வெளியில யாருக்கும் தெரியாதுடி. இதைப் பார்த்தா நான் பார்த்துட்டேன்னு அவனுக்குப் புரியும். அதுக்கப்புறம் அவன் இஷ்டம்."

நாக்கைக் கிழிக்காதபடி அந்த மூலையை வழவழப்பாக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு பல்லுக்கு நிறம் தீட்டியதில்லை. முதலாளிக்கு இந்த மாதிரி விஷயம் மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, சரியாகப் பெட்டியில் வைக்கும்போது வந்து கையை நீட்டினார். "சூடா இருக்கு சார், தொடாதீங்க" என்று மூடிவிட்டேன். அது ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு பல்லக்கா இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. போன் அடித்தால் பாதி எழுந்து நிற்பாள். வெளிக்கதவு திறந்தால் திரும்புவாள், கூரியர்காரனாக இருக்கும். காலையில் வந்ததும், "மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி சாவி வச்சேனா? வச்சேன், வச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். "கோவிச்சுக்கிட்டிருப்பானோ? கேலி பண்றேன்னு நினைச்சிருப்பானோ?" என்று கேட்பாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒருநாள் முதலாளி அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். போனை என் மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். "டாக்டர் என்ன சொல்றார்னு நீங்களே கேளுங்க!"

"மூலை உடைஞ்ச கிரவுனை அனுப்பியிருக்கீங்க" என்றது குரல். "எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேற செஞ்சு தரச் சொல்றேன்னு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். அவர் பார்த்தார், பார்த்துக்கிட்டே இருந்தார். நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சுட்டார். இதையே ஒட்டுங்கன்னு ஒரே பிடிவாதம்."

பல்லக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டிட்டேன். ஆனா ஆள் போக மாட்டேங்கறார், வெளியில உட்கார்ந்திருக்கார். இதைச் செஞ்சவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியலை, அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். 'இப்ப அவங்க முகத்துல முழிக்கலாமா'ன்னு கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

முதலாளி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். கடையும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பல்லக்காவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் குனிந்து, போனை இரண்டு கையாலும் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சாவி பழைய இடத்துலயேதான் இருக்குன்னு சொல்லுங்க டாக்டர்."