சுறா எண்ணெய் போட்ட துவக்கு

எங்கள் வீட்டு அறையில் ஒரு பழைய அலுமாரி இருக்கிறது. மற்ற வீடுகளில் அதற்குள் கலியாணச் சேலைகள் இருக்கும். எங்களுடையதில் ஏழு காற்றுத் துவக்குகள் நிற்கின்றன. நான் உப்புக்குளத்தில் சைக்கிள் திருத்துகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரே ஆரும் நிற்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

காற்றுத் துவக்கில் வெடிமருந்து இல்லை. குழலை மடக்கினால் உள்ளே ஒரு தடித்த சுருள்வில் பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் அது ஒரு பிஸ்டனை முன்னுக்கு எறியும். பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கிற காற்றை நெரிக்கும். நெரிபட்ட காற்று, பயறளவு ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடும். அவ்வளவுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்மும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிஸ்டன் தலையில் இருக்கிற தோல் வாசர்கூடப் பம்மில் இருப்பதுதான், கொஞ்சம் பெரிது.

இந்தப் பைத்தியம் இந்தியாவில் பிடித்தது. அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனோம். அங்கே பலூன் சுடுகிற கடை. நான் மஞ்சள் பலூனைக் குறிவைத்தேன், அதற்கு இடப்பக்கத்தில் இருந்த சிவப்பு உடைந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் சிவப்பைக் குறிவைக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன் இடப்பக்கம் போனது? பரிசாகத் தந்த சீப்பை வழியிலேயே தொலைத்துவிட்டேன். கேள்வியைத் தொலைக்க முடியவில்லை.

மன்னாருக்குத் திரும்பி வந்து, கடை போட்டு, கலியாணமும் முடித்து, நிலைமை ஓரளவு அடங்கிய பிறகுதான் முதல் துவக்கு வந்தது. சிலாவத்துறையில் வயல் செய்கிற ஒரு முஸ்லிம் நானா குருவி கலைக்க வைத்திருந்தது. சுருள்வில் முறிந்து கிடந்ததைத் தந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஆறாகின. எல்லாவற்றையும் பொலிசில் காட்டிப் பதிந்து வைத்திருக்கிறேன். நான் பறவை சுடுவதில்லை. முருங்கை மரத்தில் நூல் கட்டி, சோடா மூடி தொங்கவிட்டு, பின்னால் மண் மூட்டை வைத்துச் சுடுவேன். ஒரே துவக்கு காலையில் ஓர் இடத்தில் அடிக்கும், வெயில் ஏறினால் ஒரு விரல் மேலே அடிக்கும். ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு பின்னேரம் போய்விடும்.

மனைவி இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவள் போர்க்காலம் முழுவதும் மன்னார்த் தீவுக்குள்ளேயே இருந்தவள். வெடிச்சத்தம் கேட்டால் கை குளிர்ந்துவிடும். நத்தார்ப் பண்டிகை வெடிக்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருப்பாள். முதல் துவக்கைக் கொண்டுவந்த அன்றே சொன்னாள்.

“வச்சிருங்கோ. ஆனா வேலிக்கு அங்கால சத்தம் கேக்கப்படாது. கேட்டா, அதோட எல்லாம் வெளியால போயிடவேணும்.”

நான் ஓம் என்றேன். பத்து வருடத்துக்கு மேலாக அந்தச் சொல் காப்பாற்றப்பட்டது. என் துவக்குகள் ‘டப்’ என்று மட்டும்தான் சொல்லும், புத்தகத்தை மேசையில் போட்டதுபோல.

ஏழாவது, தேவாலயப் பெருநாள்களுக்குப் பலூன் கடை போடுகிற ஒருவரிடமிருந்து வந்தது. கூட்டம் வந்தால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். உச்சி வெயிலில், அவர் பலகை அடித்துக்கொண்டிருக்கும்போது போய் நிற்பேன். இந்த முறை அவரே துவக்கை எடுத்து என் கையில் தந்தார்.

“இது செத்த துவக்கு அண்ணை. குண்டு பலூன் வரைக்கும் போகுது, பலூனில முட்டிப்போட்டு விழுகுது. சைக்கிளுக்கு ரண்டு ரயர் போட்டுத் தாங்கோ, கொண்டுபோங்கோ.”

கழற்றிப் பார்த்தேன். தோல் வாசர் கருவாடுபோலக் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. காற்றெல்லாம் அதன் ஓரத்தால் கசிந்திருக்கிறது. மற்ற ஆறுக்கும் நான் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இவ்வளவு காய்ந்த தோலை நான் பார்த்ததில்லை. எங்கள் கரையில் காய்ந்த எதற்கும் ஒரே வைத்தியம்தான். வெடித்த வள்ளப் பலகைக்குச் சுறா எண்ணெய், இறுகின கயிற்றுக்குச் சுறா எண்ணெய். நானும் சுறா ஈரல் எண்ணெய் வாங்கி, வாசரை மூன்று நாள் ஊறவைத்தேன். தோல் உளுந்துவடைபோலப் பொங்கி மெத்தென்று வந்தது. மனம் நிறைந்து, சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து மண் மூட்டைக்குக் குறிவைத்து விசையை இழுத்தேன். காது ‘டப்’புக்குத் தயாராக இருந்தது. வந்தது வெடி. உண்மையான துவக்கு வெடி. குழல் வாயால் நீலப்புகை வந்தது. காகங்கள் எல்லாம் எழும்பின. ரோட்டில் நின்ற கழுதைகள் மட்டும் அசையவில்லை.

பக்கத்து வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன், கடற்தொழில் செய்கிறவர், வலையோடு நிலத்தில் படுத்துவிட்டார்.

“தம்பி! எந்தப் பக்கமடா அடிக்கிறாங்கள்?”

“அண்ணை... அது நான்தான்.”

அவர் தலையைத் தூக்கினார். “நீயோ? நீ வாய் திறந்தாலே சத்தம் கேக்காதேயடா!”

மனைவி பின் கதவில் நின்றாள். அரிசி கழுவின கை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“சொன்னனான்தானே,” என்றாள்.

“ஓம்.”

“அப்ப?”

“குடுத்திடுறன். ஏழையும் பொலிசில குடுத்திடுறன். ஆனா ஏன் வெடிச்சதெண்டு தெரியேல்ல. காத்து மட்டும்தான் உள்ளுக்கு. அது தெரிஞ்ச உடன குடுத்திடுறன்.”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “தெரியாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது. சரி. தெரிஞ்ச அண்டைக்கு அந்த அலுமாரி வெறுமையாக் கிடக்கவேணும்.”

அன்று பின்னேரம் முழுவதும், ஆரும் வந்து விசாரிப்பார்களோ என்று பதிவுத் துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் கேற்றடியில் இருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஞாயிறும் திங்களும் துவக்கைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். குழலுக்குள் பூவாணத்து மருந்து எதையும் கடைக்காரர் போட்டுவைத்தாரோ? கம்பியில் துணி சுற்றி இழுத்தேன், மருந்தில்லை. குழல் அடைத்திருந்ததோ? வெளிச்சம் நேரே தெரிந்தது. வாசரின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. போனில் தேடலாம் என்றார் வலைக்கார அண்ணன். அதில் வந்ததெல்லாம் ஆங்கிலம்.

“தெரிஞ்சுதோ?” என்று வேலிக்கு மேலால் ஒவ்வொரு நாளும் கேட்பார்.

“இல்லை அண்ணை.”

“விசரா, பிறகென்ன? தெரியாமலே இரு. சாகுமட்டும் தேடு. துவக்கும் உன்னட்ட இருக்கும், வாக்கும் தப்பாது.”

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. காற்று எப்படிப் புகை விடும்?

செவ்வாய்க்கிழமை மனைவி உடுப்பு வாளியோடு என்னைக் கடந்து போனவள் நின்றாள். வெடிக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை அந்தத் தாளுக்குக் கிட்ட வந்தாள்.

“இது என்ன மணம்?”

“மணக்குதோ?” இருபது வருடமாக ரியூப் ஒட்டுகிற சொலூசனை மணந்து மணந்து என் மூக்கு செத்துப்போனது.

அவள் குனிந்து, கறுத்த வாசரை இரண்டு விரலால் எடுத்து முகர்ந்தாள். “சுறா எண்ணெய் கருகின மணம். எங்கட அப்பா வள்ளத்துக்கு எண்ணெய் காய்ச்சேக்க அடிப்பிடிச்சா இப்பிடித்தான் வீடு முழுக்க நாறும். இதை ஆர் அடுப்பில வச்சது?”

ஆரும் அடுப்பில் வைக்கவில்லை. ஆனால் கருகியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளுக்குள் ஒரு அடுப்பு இருந்திருக்கிறது. அப்போதுதான் பம்மின் அடி ஞாபகம் வந்தது. பத்து ரயருக்குத் தொடர்ந்து காற்றடித்தால் கை வைக்க முடியாமல் சுடும். காற்றை நெரித்தால் சூடு வரும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் மெஷினிலும் நெருப்புக் கொடுக்கிற பிளக் கிடையாது, நெரிபட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. பம்மை நான் கையால் மெல்ல அமத்துகிறேன். துவக்கின் சுருள்வில் கண்மூடித் திறக்குமுன் அமத்துகிறது. அந்தச் சூட்டில் நான் ஊற்றிய எண்ணெய் வெடித்திருக்கிறது.

“என்னப்பா, முகம் மாறுது?” என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம்.

“தெரிஞ்சிட்டுது,” என்றேன்.

பம்மை அவள் முன்னால் வைத்து, குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு விடாமல் அடித்தேன். “அடியைத் தொட்டுப் பார்.”

தொட்டாள். “சுடுதே!”

“அந்தச் சூடுதான். இதைவிடப் பெரிசா. எண்ணெயைப் பத்தவச்சது அதுதான்.”

“அப்ப வெடிச்சது துவக்கில்லை. எண்ணெய்.”

“ஓம். ஊத்தினது நான்.”

உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றி, பழைய ரியூப்பை வெட்டின கீலத்தால் கட்டத் தொடங்கினேன். மூன்றாவதைக் கட்டும்போது அவள் வாசலில் நின்றாள்.

“எண்ணெயைக் கழுவினா?”

“என்ன?”

“கழுவிப்போட்டுச் சுட்டா முந்தின மாதிரித்தானே கேக்கும்?”

“அப்பிடித்தான் நினைக்கிறன்.”

“எண்ணெய் ஊத்தேக்கையும் ஏதோ நினைச்சுத்தானே ஊத்தினீங்கள்? நினைக்கிறது சரிவராது. நான் வேலிக்கு அங்கால நிக்கிறன். நீங்கள் சுடுங்கோ. எனக்குக் கேட்டா, கட்டினது கட்டினபடி போகட்டும்.”

சிலிண்டரை மண்ணெண்ணெயால் மூன்று தரம் கழுவினேன். கருகின வாசரை எறிந்துவிட்டு, பழைய தோல்பை ஒன்றை வெட்டிப் புதிது செய்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. அதையும் துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காற்று விழுந்திருந்தது. முருங்கை இலைகூட ஆடவில்லை. அந்த நேரத்தை அவள்தான் தெரிந்தெடுத்தாள். காற்றடிக்கும்போது சுட்டால் நான் களவு செய்ததாகிவிடுமாம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனின் வளவுக்குள் போனாள். அவர் அவளுக்கு ஒரு கதிரை போட்டதும், “இருங்கோ தங்கச்சி, செவியைத் தீட்டிக்கொண்டு இருங்கோ,” என்றதும் எனக்குக் கேட்டது.

குந்தினேன். குழலை மடக்கினேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தமே வேலிக்கு அங்கால் போய்விடும்போல இருந்தது. விசையை இழுத்தேன். டப். மண் மூட்டையில் ஒரு சின்னத் தூசி.

அங்கிருந்து சத்தம் இல்லை. கோபமாக இருக்கிறாளோ? இன்னொன்று சுட்டேன். அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதும் சுட்டேன்.

“என்னப்பா, நித்திரையோ?” மனைவியின் குரல். “எவ்வளவு நேரம் இருக்கிறது? சுடுங்கோவன்!”

“பயந்திட்டான்போல,” என்றார் அண்ணன்.

எழும்பி வேலியடிக்குப் போய், அதற்கு மேலால் மூன்று விரலை உயர்த்திக் காட்டினேன்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. “மூண்டு மணிக்குச் சுடப்போறானாமோ?”

அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதிரையை விட்டு எழும்பினாள்.

“மூண்டு தரம் சுட்டிட்டீங்களோ?”

தலையாட்டினேன். அவள் எங்கள் வளவுக்குத் திரும்பி வந்தாள். நேரே உள்ளே போனாள். அலுமாரிக்கு மேலே இருந்த சுறா எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, வேலிக்கு மேலால் நீட்டினாள்.

“அண்ணை, இதை உங்கட வள்ளத்துக்குப் பூசுங்கோ. இஞ்ச வேண்டாம்.”

பிறகு என் பக்கம் திரும்பாமலே, “சாக்கை அவிழுங்கோ. எனக்கு அரிசி காயப்போட வேணும்,” என்றாள்.