நெல் காயும் சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

மூன்று வருடங்களுக்கு முந்தைய தை மாதம். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டிக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி நான் பட்டறை போட்டு அது இரண்டாவது வருடம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, சென்னைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். பெண் மெக்கானிக் என்றால் எங்கள் பக்கம் இன்னும் வேடிக்கைதான். "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. முதல் வருடம் கோபம் வந்தது. அடுத்த வருடம், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரோடு நானே போய் நிற்கப் பழகிவிட்டேன்.

வருவதெல்லாம் டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மெஷின். அப்படியிருக்க ஒரு காலையில், இரண்டே கதவு உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சேறு அப்பிய அறுவடை மெஷினுக்குப் பின்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவரை எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் நிறைய நிலம் வைத்திருக்கும் வீட்டின் மகன். சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அந்த வீட்டு வயலில்தான் என் அம்மா இருபது வருடம் நாற்று நட்டார். அம்மாவுக்கு அவர் சின்னய்யா. நான் 'சார்' என்றேன்.

விஷயம் இதுதான். இன்னும் மூன்று வாரத்தில் சென்னைப் பக்கம் உள்ள ரேஸ் டிராக்கில் அவர் அந்தக் காரை ஓட்டப்போகிறார். அதே மாடல் கார்கள் இன்னும் சில வருகின்றன. இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையை மாற்றினால் வேகம் கூடும் என்று இரண்டு விதமான ஏர் இன்டேக் வாங்கி டிக்கியில் வைத்திருந்தார். திருச்சியில் ஒரு கடைக்காரர் முதலாவதைச் சிபாரிசு செய்திருக்கிறார். எனக்குக் கார் தொழிற்சாலை அனுபவம் இருப்பதைக் கேள்விப்பட்டு, எது நல்லது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கூடவே சிரித்துக்கொண்டே, "அப்பாதான், டிராக்டர் பாக்குற புள்ளகிட்டயா இதக் குடுக்குறேன்னு கேட்டாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நிமிடமே, இந்த வேலையில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலாவது, பானெட்டுக்குள்ளேயே மூடியில்லாமல் நிற்கும் ஃபில்டர். சத்தம் அபாரமாக இருக்கும். இரண்டாவது, நீளமான குழாயோடு கீழே பம்பருக்குப் பின்னால் இறங்கும் ஃபில்டர். இன்ஜின் சூடு படாத குளிர்ந்த காற்றை இழுக்கும். மூன்றாவது, கம்பெனியே வைத்து அனுப்பிய கறுப்புப் பெட்டியும் அதற்குள் இருக்கும் காகித ஃபில்டரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி, காலி பைபாஸில் விடியற்காலையில் ஓட்டினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் ஸ்டாப் வாட்ச்சும், உள்ளே போகும் காற்றின் சூட்டைக் காட்டும் ஸ்கேனருமாக உட்கார்ந்திருந்தேன். மூடியில்லாத ஃபில்டர் முதல் ஓட்டத்தில் சிங்கம் மாதிரி உறுமியது. திரும்பும்போது ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றோம். அதற்குள் உள்ளே போகும் காற்று கொதித்துவிட்டது. கேட் திறந்த பிறகு கார் மந்தமாகக் கிளம்பியது. கீழே இறங்கும் குழாய்தான் எல்லா ஓட்டத்திலும் ஜெயித்தது. குளிர்ந்த காற்று, கூடுதல் சக்தி. படித்ததெல்லாம் கண்முன்னே நடக்க, நான் காலரைத் தூக்கிவிடாத குறை. இதுதான் சார் என்று அடித்துச் சொல்லி, அதையே மாட்டி அனுப்பினேன்.

அனுப்பும்போது ஒரு காரியம் செய்தேன். அறுவடை சமயத்தில் எந்த மெஷினைப் பார்த்தாலும், ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்பக்கம் மெல்லிசாகக் கிரீஸ் தடவி வைப்பேன். ஃபில்டரைத் தாண்டித் தூசு வந்தால் அதில் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். காருக்கு அது தேவை என்று நினைத்துச் செய்யவில்லை. கை பழக்கம், செய்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, டிராக்குக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனார். குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். கிரீஸ் நறநறவென்று இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால், நெல்லின் மேல் இருக்கும் சுணை. அறுவடை சமயத்தில் கழுத்திலும் கையிலும் பட்டு அரித்து எடுக்குமே, அதேதான். ஃபில்டர் முழுக்க வைக்கோல் துணுக்கு.

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. தை மாதத்தில் எங்கள் ரோட்டில் பாதி, நெல் காயும் களம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல்லெல்லாம் தார் ரோட்டில்தான் கொட்டிக் கிடக்கும். அந்த ரோட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காற்றை இழுக்கும் குழாயை மாட்டி அனுப்பியிருக்கிறேன். வெளியூர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம். இந்தச் சுணையோடு வளர்ந்தவள் நான்.

விரலில் கிரீஸோடு அப்படியே நின்றேன். பொய் சொல்லக்கூடாது, ஒரு யோசனை வந்தது. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். டிராக்கில் ஒரு நாள் ஓடினால் இன்ஜின் போய்விடாது. ஒரு வருடம் கழித்து உள்ளே தேய்ந்து போனால் யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? சொன்னால், டிராக்டர் பார்க்கிற புள்ள என்று சொன்னவர் வாய்க்கு நானே அவல் போட்ட மாதிரி ஆகும். ஆனாலும் போனை எடுத்து, நான் சொன்னது தப்பு, உடனே வாங்க என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் பயமுறுத்துவதாக நினைத்தார். ஒரே ஒரு நாள் கேட்டேன். பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவி, நெல் காயும் ரோட்டிலேயே நாகப்பட்டினம் வரை போய்வந்தோம். அடுத்து கம்பெனி கறுப்புப் பெட்டியைப் புதுக் காகித ஃபில்டரோடு மாட்டி, அதே ரோட்டில் அதே தூரம். இரண்டு தடவையும் கிரீஸை வழித்து தனித்தனி வெள்ளைத் தாளில் பூசினேன். ஒரு தாள் மணல்தாள் மாதிரி சொரசொரத்தது. இன்னொன்று வெண்ணெய்.

இரண்டு தாளையும் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை வந்து, பேச்சை வளர்க்காமல் வேறு வழி உண்டா என்று கேட்டார். இருந்தது. கறுப்புப் பெட்டியைக் கழற்றாமல், அந்தக் குளிர்க்காற்றுக் குழாயையே வெட்டி, வாயை முன்பக்க கிரில்லின் உச்சியில் வைத்து, பெட்டியோடு இணைத்தேன். அறுவடை மெஷினில் காற்றுக் குழாய் தலைக்கு மேலே நிற்பது எதற்காக என்பதை எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொண்டு செய்த வேலை அது. பைபாஸில் மறுபடி ஓட்டினோம். ஜெயித்த குழாயின் நேரமே வந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், கிரீஸ் சுத்தமாக இருந்தது. ரோடு என்றும் பார்க்காமல் குதித்தேன்.

டிராக்கில் அந்த மாடலில் ஏழு கார்கள் வந்தனவாம். மூடியில்லாத ஃபில்டர் போட்டவை மூன்றாவது சுற்றிலேயே சூட்டில் தளர்ந்திருக்கின்றன. எங்கள் கார்தான் முதல். நேரம் ஓடும் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே, "உங்க பொட்டி ஜெயிச்சிடுச்சு" என்று ஒரு வரி. பட்டறையில் இருந்த அத்தனை டிராக்டர்காரர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை, குடித்தார்கள்.

அடுத்த தை. காலையில் அவருடைய அப்பா வந்தார். பின்னாலேயே அவர்களுடைய அறுவடை மெஷின். இரண்டு வருடம் முன்பு அதன் இன்ஜின் போய், எதனால் என்று தெரியாமலே மாற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டு தாளையும் விரலால் தேய்த்துப் பார்த்த அன்றே, அந்த இன்ஜினைத் தின்றது சுணைதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டதாம். "தப்பு பண்ணிட்டேன்னு நீயே கூப்பிட்டுச் சொன்னியாமே. அதான் ஒன்கிட்டயே கொண்டாந்தேன்" என்றார். வரிசையில் உங்களது நான்காவது வண்டி, மதியம் ஆகும் என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மா, அவரைப் பார்த்ததும் பதறி, ஐயாவோட மெஷின முதல்ல பாரேண்டி என்று என் காதைக் கடித்தார். அது அவர் காதிலும் விழுந்தது. "இருக்கட்டும். வரிசைன்னு ஒன்னு இருக்குல்ல. நீ ஒக்காரு" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அம்மா சற்றுத் தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இன்றும் ஒவ்வொரு குழாயிலும் கிரீஸ் தடவும்போது நினைத்துக்கொள்வேன்: அன்று அந்த விரலை நான் பேசாமல் துடைத்துவிட்டிருந்தால், என் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மாட்டார்.