உள்பாக்கெட்

தையல்காரியின் தம்பிக்கு எதையும் தொலைக்காமல் வீடு வந்து சேரத் தெரியாது. சாவி, பேனா, பஸ் பாஸ், ஒருமுறை காலில் போட்டிருந்த செருப்பு. கத்திக் கத்தி அலுத்துப்போன அக்கா, அவன் கோட்டுக்கு மட்டும் தனி ரகமாக உள்பாக்கெட் வைத்துத் தைப்பாள்: இடுப்பு வரை இறங்கும் ஆழம், வெறுங்கை நுழையும் அளவுக்கே வாய், மேலே ஒரு மூடி, அதற்கு இறுக்கமான பட்டன். கவிழ்த்துப் போட்டு உதறினாலும் ஒன்றும் விழாது.

அந்தப் பாக்கெட்டில்தான் அந்த மகானுபாவன் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மந்திரியைச் சுடப் போனான்.

ஆலைத் தொழிலாளர்களைச் சுட உத்தரவு போட்ட மந்திரி. அக்காவுக்கும் அந்த ஆளைக் கண்டால் ஆகாது. ஆனால் ஆகாதவர்களையெல்லாம் சுடக் கிளம்பினால் தெருவில் யார் மிஞ்சுவார்கள்?

மந்திரி மண்டப வாசலில் காரைவிட்டு இறங்கினார். தம்பி பட்டனைக் கழற்றிக் கையை விட்டான். போன கை துப்பாக்கியைப் பிடித்ததும் வெளியே வர மறுத்தது. இழுத்தான், திருகினான், கோட்டோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். வலிப்பு என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் தண்ணீரோடு ஓடி வந்தார். தாங்கிப் பிடித்தபோதுதான் துப்பாக்கி அவர் கையில் இடித்தது.

மறுநாளே அவனுடைய தோழர்கள் கடைக்குள் புகுந்தார்கள்.

"சரித்திரத்தையே கெடுத்துட்டீங்களே அக்கா!"

"சரித்திரத்தை நான் என்னப்பா கண்டேன்? சாவியைத் தொலைப்பானேன்னு தைச்சேன்" என்றாள். வாய்தான் அப்படிப் பேசியது. தூக்குத் தண்டனை கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஊசியில் நூல் கோக்கக்கூட அவளால் முடியவில்லை.

அந்த வாரம் அதே தோழர்களின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், மகனின் கோட்டைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு.

"உன் தம்பிக்கு வச்ச மாதிரியே வச்சுக் கொடும்மா. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"இன்னும் கொஞ்சம் ஆழமாவே வை" என்றாள் ஒருத்தி. தையல்காரி சில நாள் கழித்து மறுபடி மிஷினை மிதித்தாள்.

தீர்ப்பு வந்தது. தூக்கு இல்லை, சிறைதான். அவள் கோர்ட்டிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நீதிபதி முறைத்தார். முறைக்கட்டும், போன உயிர் திரும்பி வந்தவளுக்கு நீதிபதி எம்மாத்திரம்?

சிறைக்குப் பார்க்கப் போனபோது தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்து நின்றான்.

"எல்லாரும் சிரிக்கிறாங்களா அக்கா?"

"சிரிக்கட்டும்டா. உன்னை வச்சு அழுறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

காவலர் அந்தப் பக்கம் நகரும்வரை காத்திருந்து, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த மந்திரி என் பக்கத்துல வந்து, 'என்ன தம்பி, உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாரு. நல்லவேளை கை வரலைன்னு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் இழுக்கவே இல்லை அக்கா. இழுக்கிற மாதிரி ஆடிக்கிட்டிருந்தேன்."

அவள் கம்பிக்குள் கையை விட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினாள், நன்றாக வலிக்கும்படியே கிள்ளினாள்.