அப்பாட்டச் சொல்லு, அம்மாட்டச் சொல்லு

1. மூன்று கதிரைகள்

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில், கப்பல்களோடு ரேடியோவில் பேசியே என் உத்தியோக காலம் கழிந்தது. ஓய்வு பெற்றதும் வீட்டுக் குசினியில், சமைப்பதற்கும் பாத்திரம் அடுக்குவதற்கும் சில ஒழுங்குவிதிகளைக் கொண்டுவர முயன்றேன். வெளியே ஏதாவது வேலை தேடிக்கொள்ளும்படி மனைவி கேட்டுக்கொண்டார். கிடைத்தது இந்த வேலை.

சுகந்தி மிஸ் குடும்ப ஆலோசகர். கொழும்பில் இருந்தபடி ஒன்லைனில்தான் ஆட்களைச் சந்திப்பார். வீட்டில் நல்ல இணைப்போ, கதவைச் சாத்திவிட்டுப் பேச ஓர் அறையோ இல்லாதவர்கள், திருகோணமலைத் துறைமுக வீதியில் மருந்துக்கடைக்கு மேலே உள்ள எங்கள் அறைக்கு வருவார்கள். நேரம் ஒதுக்குவது, சம்மதக் கையெழுத்து வாங்குவது, கமெராவைச் சரிசெய்வது, பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்துவது ஆகியவை என் பொறுப்பு. கடைசிதான் எனக்குக் கஷ்டமானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். மூவரிடமும் அனுமதி பெற்றாயிற்று. பெயர்களையும் மாற்றியாயிற்று.

அன்ரன் டக் ஓட்டுகிறவர். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரைக்குக் கொண்டுவரும் சிறிய படகுதான் டக். அவருடைய குரலை எனக்கு வருடக்கணக்காக ரேடியோவில் தெரியும். முகத்தை, குடும்பத்தோடு முதன்முறை அறைக்கு வந்த அன்றுதான் சரியாகப் பார்த்தேன். தெரிந்தவர் என்பதை முறைப்படி மிஸ்ஸுக்கு அறிவித்தேன்.

“அவைக்குப் பிரச்சினை இல்லையெண்டா எனக்கும் இல்லை, சேர்” என்றார் மிஸ்.

அன்ரனும் அவர் மனைவி றெஜினாவும் இரு ஓரக் கதிரைகளில் அமர்ந்தார்கள். நடுவில் மகள் டிலானி. நான் கமெராவைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மிஸ் தொடங்கிவிட்டார்.

“சொல்லுங்கோ, என்ன விஷயமா வந்தனீங்கள்?”

றெஜினா மகளிடம் சொன்னார்: “அப்பாட்டச் சொல்லு, டொக்டர் கேக்கிறா எண்டு.”

அன்ரனும் மகளிடம்தான் சொன்னார்: “அம்மாட்டச் சொல்லு, வரவேணும் எண்டு நிண்டது அவதானே.”

இருவருக்கும் இடையே ஒரு கதிரை அகலம்தான். துறைமுகத்தில் இதைவிடத் தூரத்தில் நிற்கும் கப்பல்கள்கூட நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

“டொக்டர், எனக்கு யாழ்ப்பாணத்தில கம்பஸ்ல படிக்க இடம் கிடைச்சிருக்கு” என்றாள் டிலானி. “வாற மாசத்துக்குள்ள பதிய வேணும். நான் போகேல்லை.”

“ஏனம்மா?”

“நான் போனா இவை ரெண்டு பேரும் எப்பிடிக் கதைக்கிறது? அம்மம்மா செத்ததில இருந்து எல்லாக் கதையும் என்ர வாயாலதான் போகுது. அதுவும் சொன்ன மாதிரி நான் சொல்லுறேல்லை. ‘குழம்பு வாயில வைக்கேலாது’ எண்டு அப்பா சொல்லுவார். ‘இண்டைக்கு உப்புக் கொஞ்சம் குறைவாம்’ எண்டுதான் அம்மாட்டப் போகும்.”

தாயும் தகப்பனும் ஒரே நேரத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதற்காரியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனேன்.

2. திருப்பிச் சொல்லுதல்

அடுத்த முறை, மகளை வெளியே இருக்கச் சொன்னார் மிஸ். அன்று இணைப்பு அடிக்கடி விழுந்துகொண்டிருந்ததால், எல்லோருடைய சம்மதத்தோடும் நான் மூலையில் இருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை.

நடுக் கதிரை வெறுமையாக இருந்தது. றெஜினா என்னைப் பார்த்தார். “ஐயா, அவரிட்டச் சொல்லுங்கோ, ஃபானைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி.”

செய்தி வந்தால் சேர்ப்பிப்பது என் ரத்தத்தில் ஊறியது. “அன்ரன், ஃபானைக் குறைக்கட்டாம்” என்றேன்.

“சேர்” என்றது திரை. “நீங்கள் என்ன, இப்ப டிலானியோ?”

அதன்பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒருவர் சொல்வதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரி என்று முதலாமவர் சொன்ன பிறகுதான் பதில். எனக்குச் சிரிப்பு வந்தது. ரேடியோவில் அன்ரன் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதான்.

றெஜினா திரையைப் பார்த்துத் தொடங்கினார்: “பகல் முழுக்க நான் வீட்டில தனிய. இவர் வந்தா ஒரு கதை இல்லை. ரீவியைப் போட்டிட்டுப் படுத்திருவார்.”

“பகல் தனிய. கதை இல்லை. ரீவி” என்றார் அன்ரன். “விளங்கிச்சு.”

“டொக்டர், நான் என்ன கப்பலோ?”

“அன்ரன், சுருக்காம முழுசாச் சொல்லுங்கோ” என்றார் மிஸ். “றெஜினா, உங்களுக்கு எது கூட நோகுதோ, அதைச் சொல்லுங்கோ.”

றெஜினா சேலைத் தலைப்பை மடித்தபடி சொன்னார்: “என்ர அம்மாவைச் சேமக்காலையில குழிக்குள்ள இறக்கேக்க இவர் எனக்குப் பக்கத்தில இல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து நிண்டு, கப்பல் வந்திட்டுது எண்டு மட்டும் சொன்னவர்.”

“சேமக்காலை. நான்...” என்று தொடங்கிய அன்ரன் நின்றுவிட்டார். ரேடியோ என்றால் இந்த இடத்தில் ‘மீண்டும் சொல்லவும்’ என்று கேட்டிருப்பேன். நல்லவேளை, நான் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருந்தேன்.

“உன்ர அம்மாவை இறக்கேக்க...” என்றார் மறுபடி. இந்த முறை மனைவியைப் பார்த்து. “நான் உனக்குப் பக்கத்தில இல்லை.”

“ஓம்” என்றார் றெஜினா, யன்னல் திரைச்சீலையிடம். “அது சரி.”

அன்றைக்கு அவ்வளவுதான்.

3. லைன் விழுந்தது

மூன்றாவது சந்திப்பு, கம்பஸில் பதிவதற்கான கடைசி நாளில் அமைந்தது. நானும் டிலானியும் மாடிப்படிக்குப் பக்கத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். போகவில்லை என்பதில் அவள் உறுதியாகவே இருந்தாள். முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

“ஒரு ஃபோன் எடுத்திருக்கலாம்தானே! கையிலதானே வைச்சிருந்தனீங்கள்!”

“எடுத்து என்னத்தைச் சொல்ல? அழுதுகொண்டு கப்பல் இழுக்கச் சொல்லுறியோ? எனக்கும் அவ மாமிதானே! என்னை ஆரும் ஒரு சொல்லுக் கேட்டவையோ?”

“அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“எப்பிடிச் சொல்ல? பிள்ளையிட்டச் சொல்லி விடவோ?”

நான் எழுந்துவிட்டேன். டிலானி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அங்கிள், இருங்கோ. நேர சண்டை பிடிக்கினம். இடையில ஆரும் ஒண்டும் மாத்தேல்லை.” அவள் முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தது. கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். “இஞ்சத்தை வைஃபை பாஸ்வேர்ட் என்ன?”

சந்திப்பு நடக்கும்போது வெளியாருக்கு வைஃபை கொடுக்கக்கூடாது. அது நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.

“எதுக்கு?”

“கம்பஸுக்குப் பதிய.”

கொடுத்தேன். அவள் சான்றிதழ்களின் படங்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். எங்கள் இணைப்பு அவ்வளவு பாரத்துக்குப் பழகியதல்ல. சற்று நேரத்தில் என் ஃபோன் அடித்தது.

“சேர், லைன் விழுந்திட்டுது. உடன எடுத்துத் தாங்கோ. நல்ல கட்டத்தில நிக்குது.”

கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். திரையில் மிஸ் பாதி திறந்த வாயோடு உறைந்திருந்தார். எதிரே அன்ரனும் றெஜினாவும் நடுக் கதிரையைத் தள்ளிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். றெஜினா அழுதுகொண்டே கணக்கு வழக்கில்லாமல் ஏசிக்கொண்டிருந்தார். அன்ரன் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னை இருவருமே கவனிக்கவில்லை.

“மிஸ், நீங்கள் இல்லாதது அவைக்கு இன்னும் தெரியாது.”

மறுமுனையில் மிஸ் சிரித்தார். “அப்ப கதவைச் சாத்துங்கோ, சேர்.”

சாத்தினேன். “பதிஞ்சிட்டன், அங்கிள்” என்றாள் டிலானி. “போய்ச் சொல்லன் பிள்ளை” என்றேன். “அவை முதல் முடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வாங்கில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

லைன் விழுந்தால் ஒரு நொடியும் தாமதியாமல் இணைக்கவேண்டும் என்றுதான் அதுவரை என் விதி இருந்தது. மிஸ்ஸின் ஒப்புதலோடு அதைத் திருத்தியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்: லைன் விழுந்தால், முதலில் சத்தமில்லாமல் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே யாராவது திரையைத் தேடினால் மட்டும் இணைத்துக் கொடுங்கள்.