கிளிப்பச்சைச் சுவரும் டெபோராவும்

"இன்னாக்கா இது, கோவைப்பழம் மாதிரி சேலை? அங்கியே நில்லு" என்று கதவிடுக்கு வழியாக டெபோரா ஒரு சாம்பல் நிறப் போர்வையை நீட்டுகிறாள். அதைப் போர்த்திக்கொண்டால்தான் அறைக்குள் விடுவாள். சிவப்பைப் பார்த்த கண்ணுக்குத் திரையில் இருக்கும் முகம் பச்சையடித்துத் தெரியுமாம். சுவர், நாற்காலி, அவள் சட்டை எல்லாமே சாம்பல். தட்டில் கேசரி கொண்டுபோனால்கூட மூடி வைத்துவிடுவாள்.

ராயபுரத்தில் எங்கள் தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அறை. கேமராவில் எடுத்த படம் முதலில் கஞ்சித் தண்ணீர் போல வெளிறித்தான் வருகிறது. அதற்குக் கணினியில் நிறம் கொடுப்பது அவள் வேலை. மேசையில் மூன்று உருண்டைகள் பதித்த பலகை. விரல் நுனியால் உருட்டுவாள். திரையில் பொழுது சாயும், இன்னொரு உருட்டில் விடியும். வாசலில் ஒரு பெண் நிற்கும் காட்சியைக் காட்டி ஒருமுறை சொன்னாள்: "கொஞ்சம் நீலம் ஏத்துனா இவ புருஷன் செத்துட்டான். கொஞ்சம் மஞ்சள் ஏத்து, மீன் வாங்கிகினு வந்துகினு கீறான்." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தோல் நிறம் சரிதானா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவாள். திரைக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். "நடிகைய மாவுல முக்கி எடுக்கற வேலை நம்மகிட்ட கிடையாதுக்கா" என்பாள்.

ஏழு வருடம் கல்யாண வீடியோக்களுக்கு நிறம் பார்த்தவள். முதல் சினிமா போன மாதம்தான் வந்தது, எங்களுக்குப் பக்கத்துக் காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் கதை. முதல் ரீல் பிடிக்காவிட்டால் படத்தை வடபழனிப் பெரிய ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று இயக்குநர் குணசேகரன் சொல்லியிருந்தார். நேற்று மதியம் அதைப் பார்க்க வந்தார். நிறம் பார்க்கத் தேவைப்படும் என் கையோடு நானும் மூலையில் நின்றேன்.

பாதியிலேயே உதட்டைப் பிதுக்கினார். "ஏழைங்க வீடும்மா இது. இப்படியா பளிச்சுனு இருக்கும்? நல்லா பழுப்பு ஏத்து. பார்த்ததுமே அழுக்கு தெரியணும்."

"இன்னா அழுக்கு சார்? கிறிஸ்மஸுக்கு பெயின்ட் அடிக்காத வூடு எங்க தெருவுல ஒண்ணு காட்டு பார்ப்போம். சோறு இல்லாங்காட்டியும் சுவத்துக்கு பெயின்ட் உண்டு."

"படம் உன் தெருவுக்கு இல்ல டெபோரா. ஊருக்கே போகுது."

டெபோரா எழுந்தாள். நான் தைத்துக் கொடுத்த நாளிலிருந்து யாரும் தொடாத, ஜன்னலை மறைத்த கறுப்புத் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்தாள். தூசி கொட்டியது. நடுப்பகல் வெயில் முகத்தில் அறைந்தது. எதிரே ரோஸ் வீடு, அதை ஒட்டிக் கிளிப்பச்சை வீடு, அதன் மொட்டைமாடியில் ஊதாச் சுவரோரம் தலை உலர்த்திக்கொண்டிருந்த அடைக்கலமேரி.

"அது எங்கம்மா சார். இதுல பழுப்பு எங்க கீதுன்னு காட்டு."

"இன்னாடீ, சினிமாக்காரரு வந்துட்டாரா?" என்று அடைக்கலமேரி கூவினாள். "நைட்டியோட நிக்கறேன், மூடுடீ பேமானி!"

குணசேகரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் கொஞ்சநேரம் அந்தச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெபோரா திரைச்சீலையை மூடினாள். "வெயில் பார்த்த கண்ணு, நம்பக் கூடாது. பத்து நிமிஷம் எல்லாரும் கண்ண மூடுங்க." இருட்டில் மூவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு முறை செருமினார்.

பிறகு ஓர் உருண்டையையும் தொடாமல் அதே ரீலை ஓட்டினாள். கிளிப்பச்சைச் சுவருக்கு முன்னால், மகனைத் தேடும் தாயின் கறுத்த முகம். மேலுதட்டு வியர்வைகூடத் தெரிந்தது. அவ்வளவு பளிச்சென்ற வீட்டில் அவள் அழும்போது நான் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குணசேகரன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"இதுல கை வைக்காதே. அடுத்த ரீல் போடும்மா" என்றார்.

"தோ போட்டுட்டேன் சார்" என்று டெபோரா அலட்சியமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரியாமல், சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.